எசேக்கியா ராஜா செய்த தவறு எது? ஒரு பிரசங்கத்தைப் பற்றிய மறுவாசிப்பு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த பேச்சிலிருந்து இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன். எங்கள் தெருவில் இருந்த ஒரு அக்காவின் மகன் பைக்கில் இருந்து விழுந்து, தலையில் அடிபட்டு ஐசியூவில் கிடந்தான். பார்க்கப் போயிருந்தேன். "ஜெபம் பண்றீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பண்றேன் தம்பி. ஆனா பிழைக்க வையும்னு கேக்கப் பயமா இருக்கு. அடம்பிடிச்சு வாங்கி, எசேக்கியாவுக்கு ஆன மாதிரி ஆயிட்டா? உம்ம சித்தம்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த அக்கா பதினோரு நாள் தன் மனசில் இருந்த ஒரே விண்ணப்பத்தைக் கடவுளிடம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். சொல்ல விடாமல் தடுத்தது ஒரு பிரசங்கம். அது எந்தப் பிரசங்கம் என்று எனக்குத் தெரியும், நானும் பல தடவை கேட்டதுதான். அதை எடுத்து வேதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். இப்போதுதான் நேரம் வாய்த்தது.

பிரசங்கம் இப்படிப் போகும். யூதாவின் ராஜா எசேக்கியா நல்லவன். அவனுக்கு மரண வியாதி வந்தது. உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணிக்கொள், நீ மரித்துப்போவாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொன்னார். அவன் தேவ சித்தத்தை ஏற்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது பிடிவாதம் பிடித்தான். தேவனும் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அந்த 15 வருஷத்தில் இரண்டு கேடு வந்தது. பாபிலோன் தூதருக்குப் பொக்கிஷ அறையைக் காட்டிப் பெருமையடித்தது ஒன்று. மனாசே பிறந்தது இன்னொன்று. தகப்பன் இறந்தபோது மனாசேக்கு வயது 12, ஆகவே கூட்டிக் கொடுத்த காலத்தில்தான் பிறந்திருக்கிறான். யூதாவைக் கெடுத்தவன் அவன்தான். ஆகவே தேவன் "வேண்டாம்" என்று சொன்னதை அடம்பிடித்துக் கேட்காதே.

கேட்க நன்றாக இருக்கும். கணக்கும் பொருந்துகிற மாதிரி தெரியும். 15-ல் 12 போனால் 3, கூட்டிக் கொடுத்த காலத்தின் மூன்றாம் வருஷம் பையன் பிறந்தான் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள். ஆனால் இதில் மூன்று இடம் இடிக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 2 இராஜாக்கள் 18 முதல் 21 வரை, ஏசாயா 36 முதல் 39 வரை, 2 நாளாகமம் 32, இந்த மூன்று இடத்தையும் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நான் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் இடறல்: ஜெபத்தை யார் குற்றம் சொன்னது?

எசேக்கியாவின் கதை வேதத்தில் மூன்று தடவை வருகிறது. மூன்றிலும் தேடிப் பார்த்தேன். அந்த ஜெபம் தவறு என்று ஓரிடத்திலும் இல்லை. ஏசாயா செய்தியைச் சொல்லிவிட்டு நடு முற்றத்தைத் தாண்டுவதற்குள் திரும்பிப் போகச் சொல்லி வார்த்தை வருகிறது. விண்ணப்பத்தைக் கேட்டேன், கண்ணீரைக் கண்டேன், குணமாக்குவேன் என்பது செய்தி. மனசில்லாமல் கொடுக்கிறவர் பேசுகிற பேச்சு இது இல்லை. கேட்காமலே இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: இந்த நகரத்தையும் அசீரியா ராஜாவின் கைக்குத் தப்புவிப்பேன். பிளவைக்கு அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொல்லி வைத்தியமும் நடக்கிறது. அடையாளம் கேட்டபோதும் கண்டிப்பு இல்லை.

நாளாகமத்தை எழுதியவர் எசேக்கியாவைக் குற்றம் சொல்கிறார், உண்மை. ஆனால் எதற்கு? தனக்குச் செய்யப்பட்ட உபகாரத்துக்குத் தக்கபடி அவன் நடக்கவில்லை, மனம் மேட்டிமையானது என்கிறார். குற்றம் ஜெபத்துக்குப் பின்னால் வந்த நன்றிகெட்டதனத்தில் இருக்கிறது. உதவி கேட்டதையும், உதவி பெற்றபின் மறந்ததையும் பிரசங்கம் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

இரண்டாம் இடறல்: மனாசே கணக்கு

ஒரு பேச்சுக்கு மனாசே அந்த 15 வருஷத்தில்தான் பிறந்தான் என்றே வைத்துக்கொள்வோம். முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், எசேக்கியா அழுததற்குக் காரணமே பிள்ளையில்லாமல் சாகிறோமே என்ற துக்கம்தான் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மனாசே பிறக்காமல் போயிருந்தால் என்ன ஆகும்? தாவீதின் வம்சம் அங்கேயே அறுந்திருக்கும். மனாசேயின் பேரன் யோசியா பிறந்திருக்க மாட்டான். மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் எசேக்கியா, மனாசே, ஆமோன், யோசியா என்று வரிசையாக வருகிறது. இயேசுவின் வம்சாவளியில் இருக்கிற ஒரு பெயரை, பிறந்திருக்கக் கூடாத பெயர் என்று கிறிஸ்தவப் பிரசங்க மேடையில் சொல்கிறோம். யோசிச்சுப் பாருங்க. அதோடு, நாளாகமம் 33-ல் மனாசே சங்கிலியால் கட்டுண்டு பாபிலோனுக்குப் போய், அங்கே தாழ்ந்து ஜெபித்து, திரும்பி வந்ததும் இருக்கிறது. அந்த ஜெபத்தையும் தேவன் கேட்டார்.

இன்னொரு சங்கதி. மனாசே 55 வருஷம் ஆண்டான் என்று வேதம் சொல்கிறது. பின்னால் வருகிற ராஜாக்களின் வருஷங்களோடு இதைப் பொருத்திப் பார்த்த எட்வின் தீலி என்கிற ஆய்வாளர், மனாசே முதல் பத்துப் பதினோரு வருஷம் தகப்பனோடு கூட்டாக ஆண்டிருக்க வேண்டும் என்று கணித்தார். அவர் கணக்கில் மனாசே 12 வயதில் பட்டத்துக்கு வந்தது கி.மு. 697 வாக்கில். அப்படியானால் பிறந்தது கி.மு. 709 வாக்கில். எசேக்கியாவின் வியாதி அசீரியப் படையெடுப்பை ஒட்டியது, அதாவது கி.மு. 701-ஐ ஒட்டியது. அப்போது மனாசேக்கு ஏழெட்டு வயசு! தீலியின் கணக்கை எல்லோரும் ஏற்பதில்லை. ஆனாலும், கிறிஸ்தவ ஆய்வாளர்களிலேயே பலர் ஏற்கிற ஒரு காலவரிசையில் அந்தப் பிரசங்கத்துக்கு அஸ்திவாரமே இல்லை என்றால், அதை நம்பி ஒரு தாயைப் பயமுறுத்தலாமா?

யூத ரபிகள் இதே கதையை எப்படிப் படித்தார்கள் என்பது எனக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தது. பாபிலோனியத் தல்மூதின் பெரக்கோத் பகுதியில் ஒரு விவரிப்பு இருக்கிறது. அதில் எசேக்கியாவின் குற்றம் பிள்ளை பெறாமல் இருந்தது. எனக்குப் பிறக்கிற பிள்ளைகள் கெட்டவர்களாக இருப்பார்கள் என்று தெரிந்துதான் அப்படி இருந்தேன் என்கிறான். தேவனுடைய இரகசியங்களில் உனக்கு என்ன வேலை, உன் கடமையை நீ செய் என்கிற பொருளில் ஏசாயா கண்டிக்கிறார். கழுத்தில் கத்தி இருந்தாலும் மனுஷன் இரக்கம் கேட்பதை நிறுத்தக் கூடாது என்று எசேக்கியா பதில் சொல்கிறான். நம் பிரசங்கத்துக்கு நேர் எதிர்! மனாசே பிறப்பான் என்று பயந்து பின்வாங்கியது தப்பு, கேட்டது சரி.

மூன்றாம் இடறல்: நிகழ்ச்சிகளின் வரிசை

இது கொஞ்சம் வரலாற்று விஷயம். எசேக்கியா ஆண்டது 29 வருஷம். அசீரியா ராஜா சனகெரிப் வந்தது அவனுடைய 14-ம் வருஷம். 29-ல் 14 போனால் 15. வியாதியும் படையெடுப்பும் ஏறக்குறைய ஒரே சமயம் என்று இந்தக் கழித்தல் காட்டுகிறது. நகரத்தைத் தப்புவிப்பேன் என்ற வாக்கு இனிமேல் நடக்கப்போவதாகச் சொல்லப்படுவதால், வியாதி முற்றுகை முடிவதற்கு முந்தியது.

இப்போது பாபிலோன் தூதர். இவர்களை அனுப்பிய மெரோதாக் பலாதான் கற்பனை ஆள் இல்லை. அசீரிய ஆவணங்களில் அசீரியாவுக்குத் தீராத தலைவலியாக வருகிற கல்தேயத் தலைவன் அவன். கி.மு. 721 முதல் 710 வரை பாபிலோனை ஆண்டான், துரத்தப்பட்டான், 703-ல் சில மாதங்கள் மறுபடி பிடித்தான், சனகெரிப் அடித்து விரட்டினான். 701-க்குப் பிறகு சமாதானமாக உட்கார்ந்து தூதரும் பரிசும் அனுப்புகிற நிலையில் அவன் இல்லை.

பொக்கிஷமும் அதையே சொல்கிறது. சனகெரிப் வந்தபோது எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டினான். ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளி முழுவதையும் கொடுத்து, ஆலயக் கதவுகளின் பொன் தகட்டையும் உரித்துக் கொடுத்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சனகெரிப்பின் களிமண் பட்டகமும் பொன் 30 தாலந்து என்றுதான் சொல்கிறது. வெள்ளியை மட்டும் 800 என்கிறது. 46 மதில் சூழ்ந்த பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமில் அடைத்ததாகவும் அதில் பெருமை பேசுகிறான். இதற்குப் பிறகு தூதர் வந்திருந்தால் காட்ட என்ன இருந்திருக்கும்? பின்னால் பலர் காணிக்கை கொண்டுவந்தார்கள் என்று நாளாகமத்தில் இருப்பது உண்மைதான். ஆனாலும் மெரோதாக் பலாதானின் காலத்தோடு சேர்த்துப் பார்த்தால், தூதர் வந்தது படையெடுப்புக்கு முன்னால் என்பதே பொருந்துகிறது. பாபிலோன் சிறையிருப்பு வரப்போகிறதைக் காட்டி முடிக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சம்பவம் கடைசியில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, "கூட்டிக் கொடுத்த வருஷங்களில் ஆடிய ஆட்டம்" என்கிற சித்திரம் நிற்கவில்லை. தூதர் வந்தது வெறும் உடல்நலம் விசாரிக்கவும் இல்லை. அசீரியாவுக்கு எதிராகக் கூட்டாளி தேடி வந்திருக்கிறார்கள். இவனும் பொக்கிஷத்தோடு ஆயுதசாலையையும் காட்டியிருக்கிறான்! ஆயுதசாலையைக் காட்டுவது நகை காட்டுகிற மாதிரி இல்லை. "எங்ககிட்ட இவ்வளவு இருக்கு, சேர்ந்துக்கலாம்" என்கிற பேச்சு.

ஏசாயா வந்து கேட்கிற கேள்விகளைக் கவனமாகப் பாருங்கள். அந்த மனிதர் என்ன சொன்னார்கள், எங்கிருந்து வந்தார்கள். பிறகு, உன் வீட்டில் எதைப் பார்த்தார்கள். மொத்தம் மூன்று கேள்வி. எசேக்கியா இரண்டுக்குத்தான் பதில் சொல்கிறான். தூரதேசமான பாபிலோனிலிருந்து வந்தார்கள், எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்குப் பதிலே இல்லை. நான் பல வருஷம் படித்தும் இதைக் கவனிக்கவில்லை. "ஸ்கூல்ல டீச்சர் என்னடா சொன்னாங்க, எங்க போயிருந்த?" என்று கேட்டால், இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பையன் ஞாபகம் வந்தது.

அப்படியானால் தவறு எது?

உன் வீட்டில் உள்ளதெல்லாம் பாபிலோனுக்குப் போகும், உன் சந்ததியில் வருகிறவர்கள் பாபிலோன் ராஜாவின் அரண்மனையில் ஊழியக்காரராய் இருப்பார்கள் என்று ஏசாயா சொல்கிறார். மூலத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு அண்ணகர் என்ற பொருளும் உண்டு. இதைக் கேட்ட எசேக்கியா, கர்த்தரின் வார்த்தை நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்கிறான்.

இதைப் பணிவு என்று படிக்கிறவர்கள் உண்டு. அவன் தன்னைத் தாழ்த்தினான், அதனால் அவன் நாட்களில் கோபம் வரவில்லை என்று நாளாகமம் சொல்வதை அவர்கள் காட்டலாம். அதை நான் தள்ளவில்லை. தன் பெருமையை விட்டுத் தாழ்ந்திருக்கிறான். ஆனால் இதே மனுஷன் வேறு சமயங்களில் என்ன செய்தான் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தனக்குச் சாவு என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பி மிகவும் அழுதான். சனகெரிப்பின் ஆட்கள் மிரட்டியதைக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான், பிறகு மிரட்டல் கடிதம் வந்தபோது அதை ஆலயத்தில் விரித்துவைத்து மன்றாடினான். எருசலேம் மண்மேடாகும் என்று மீகா தீர்க்கதரிசி சொன்னபோது, எசேக்கியா பயந்து கெஞ்சினான், தேவன் அந்தத் தீங்கை அனுப்பாமல் விட்டார் என்று எரேமியா 26-ல் பெரியவர்கள் நினைவுகூருகிறார்கள். அதாவது, சொல்லப்பட்ட தீர்ப்பைக் கெஞ்சி மாற்றலாம் என்று யூதாவின் ராஜாக்களில் யாருக்காவது அனுபவத்தில் தெரியும் என்றால் அது இவனுக்குத்தான். அந்த வழியை ஒன்றுக்கு இரண்டு தடவை நடந்து பார்த்தவன்.

பேரப்பிள்ளைகளின் முறை வந்தபோது சுவரும் இல்லை, கண்ணீரும் இல்லை, கிழித்த வஸ்திரமும் இல்லை.

ஏசாயா 38-ல் பிழைத்த பிறகு அவன் எழுதிய பாட்டு இருக்கிறது. தகப்பன் பிள்ளைகளுக்குத் தேவனுடைய சத்தியத்தைத் தெரிவிப்பான் என்கிற கருத்து அதில் வருகிறது. அந்த இடத்தில் உள்ள எபிரெயச் சொல் எமெத். அடுத்த அதிகாரத்தில், என் நாட்களில் சமாதானமும் உண்மையும் இருக்கும் என்கிற இடத்திலும் அதே எமெத். பாட்டில் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன் என்று சொன்னதை, பேச்சில் தன் நாட்களோடு நிறுத்திக்கொண்டான். புஸ்தகத்தைத் தொகுத்தவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் விமரிசனம் பண்ணாமல் விட்டிருக்கிறார்.

தாவீதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவன் ஜனத்தொகை எடுத்த தப்புக்காக ஜனம் கொள்ளைநோயில் சாகும்போது, இந்த ஆடுகள் என்ன செய்தது, உமது கை எனக்கும் என் தகப்பன் வீட்டுக்கும் விரோதமாக இருக்கட்டும் என்று விழுந்தான். தாவீது தண்டனையைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். எசேக்கியா தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று விட்டுவிடுகிறான்.

அது அப்படியே தாண்டிப் போனது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் பொக்கிஷத்தை வாரிக்கொண்டு, எசேக்கியாவுக்கு ஐந்தாம் தலைமுறையான யோயாக்கீனைச் சிறைபிடித்துப் போனான். பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் அரண்மனை எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஏசாயா சொன்ன "உன் சந்ததி" கடைசியில் ஒரு ரேஷன் கணக்கில் வரிகளாக நிற்கிறது.

எசேக்கியாவை நான் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. அவன் காலத்ததென்று பெரும்பாலானோர் ஏற்கிற சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது. 533 மீட்டர், பாறையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்த வேலை. அவன் காலத்துக்குப் பிறகும் எத்தனையோ தலைமுறை அந்தத் தண்ணீரைக் குடித்தது. பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வேலையைச் செய்யத் தெரிந்த ஆளுக்கே அந்த ஒரு நிமிஷத்தில் "என் நாட்கள்" போதும் என்று தோன்றியது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காரணம், நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு சபையின் கமிட்டியில் மூன்று வருஷம் இருந்தேன். ஞாயிறு பள்ளிக் கட்டடத்தின் கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. முழுசாகப் பிரித்துப் போட வேண்டும் என்றார் கொத்தனார். செலவு பெரிசு. மேலாகப் பூசி வெள்ளையடித்துவிடலாம், நம்ம தவணை முடியிற வரைக்கும் தாங்கும் என்று சொன்னது நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள், ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தோம். எங்கள் தவணையில் ஒன்றும் விழவில்லை. அடுத்து வந்தவர்கள் கடன் வாங்கிப் பிரித்துக் கட்டினார்கள். அந்த அறையில் உட்காருகிறது மூணு வயசுப் பிள்ளைகள் என்பது எனக்கு அப்போது தெரியாமல் இல்லை.

"ராஜாக்களின் தவறுகளும் நமக்கான பாடங்களும்" வகைப் பிரசங்கங்கள்மேல் எனக்குள்ள குறை இதுதான். பாடத்தை முதலில் முடிவு பண்ணிவிட்டு, அதற்கு ஒரு ராஜாவைத் தேடுகிறோம். அப்படித் தேடும்போது பாரம் எப்போதும் தவறான தலையில் விழுகிறது. சாவுக்குப் பயந்து அழுகிறவரிடம் "அழாதே, அடம்பிடிக்காதே" என்கிறோம். தன் காலம் நல்லபடியாகப் போனால் போதும் என்று மேஜை சுற்றி உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் போன மாதம் சொன்னேன். மனாசே கணக்கு, தீலி, களிமண் பலகை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப நான் கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

கேட்டிருக்கலாம்க்கா. எசேக்கியாவுக்கு முற்றம் தாண்டுவதற்குள் பதில் வந்தது. அவன் தவறினது அழுததில் இல்லை. இன்னொரு தடவை அழ வேண்டிய இடத்தில் அழாமல் விட்டதில்.